வேனுக்கு அடியில் இருந்த சிவப்பு ஈரம்

தம்போயில் எங்கள் தாமான் குடியிருப்புக்கு வந்து செல்வராணி வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. வேன் ஆண்ட்டி வீடு என்றால் சின்னப் பிள்ளைகூடக் கையைக் காட்டும். எங்கள் வீட்டுக்கு நேர் எதிர் வீடு. பத்தொன்பது வருடமாகத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போகிறார். நானும் ஒன்றாம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டு வரை அந்த வேனில்தான் போனேன்.

அவர் நல்லவர் என்பதற்காக மட்டும் இதை எழுதுகிறேன் என்றால் அது பொய். நான் அவருக்கு ஒரு தீங்கு செய்தேன். அது எவ்வளவு பெரிய தீங்கு என்று புரிய வேண்டுமானால் முதலில் அவருடைய கண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சாஆ என்ற ஊரின் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். டிராக்டர் ஓட்டுபவர் சாப்பிடப் போகும் நேரத்தில் அதில் ஏறி ஓட்டிப் பழகியவர். கல்யாணமாகி ஜோகூர் பாருவுக்கு வந்ததும் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தார். மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே மயிரைவிட மெல்லிய கம்பிகளை ஒட்டும் வேலை. பதினொரு வருடம் செய்தார். அவருடைய வரிசையில் மற்றவர்கள் எல்லாம் கண்ணாடி போட்டுவிட்டார்கள், அவர் போடவில்லை. தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போனபோது கிடைத்த நஷ்டஈட்டில்தான் இந்தப் பழைய வேனை வாங்கினார்.

“பேக்டரி என் கையில பெருசா ஒண்ணும் குடுக்கல லா, கண்ண மட்டும் திருப்பிக் குடுத்துருச்சு” என்பார்.

பெருமைக்காகச் சொல்லும் பேச்சு இல்லை. நூறு அடி தூரத்தில் ஓடிவரும் பிள்ளையின் காலணிக் கயிறு அவிழ்ந்திருப்பதை வேனின் கண்ணாடி வழியாகப் பார்த்துச் சத்தம் போடுவார். பின்சீட்டில் நாங்கள் யாருடைய பென்சிலை யார் எடுத்தோம் என்பதும் தெரியும். தினமும் காலை ஐந்தரைக்கு வண்டியை எடுக்கும் முன் குனிந்து டார்ச் அடித்து அடிப்பக்கம் முழுக்கப் பார்ப்பார். பத்தொன்பது வருடத்தில் ஒருநாளும் ஒரு பிள்ளையை நடுவழியில் இறக்கியதில்லை. அந்தப் பெயர் ஒன்றுதான் அவருடைய விளம்பரம். வேனில் ஒரு போன் நம்பர்கூட எழுதியிருக்காது.

என்னைப் பற்றிக் கொஞ்சம். எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு எழுதி, முடிவும் வந்து, மேலே என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தேன். கைப்பேசிக் கடையில் மூன்று வாரம், டயர் கடையில் இரண்டு மாதம் வேலை பார்த்தேன். எதிலும் கால் நிற்கவில்லை. டயர் கடையில் ஸ்பானர் பிடிக்கக் கற்றுக்கொண்டது மட்டும் மிச்சம். வீட்டில் உட்கார்ந்து பழைய வண்டிகளைப் பழுது பார்க்கும் காணொளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பார்ப்பதையெல்லாம் செய்துவிட முடியும் என்று நம்பினேன்.

ஆயுத பூசைக்கு முதல் நாள், செவ்வாய்க்கிழமை மதியம், ஆண்ட்டி வேன் பக்கத்தில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

“லோஷி, இங்க வா. ரெண்டு நாளா ரேடியேட்டர்ல தண்ணி கொறையுது. ஹேமநாதனுக்குப் போன் போட்டா, வியாழக்கிழமதான் நேரமிருக்குங்கிறான்.”

ஹேமநாதன் தம்போய்த் தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்.

“நான் பாக்கவா ஆண்ட்டி?”

“பாரு. உடைச்சிராத.”

அந்த வேனில் முன்சீட்டைத் தூக்கினால் கீழே எஞ்சின். ரேடியேட்டரிலிருந்து வரும் ரப்பர் ஹோஸும் எஞ்சினுக்குப் போகும் ஹோஸும் ஒரு பிளாஸ்டிக் குழாயில் சேரும். முழங்கை மாதிரி வளைந்த, விரல் நீளக் குழாய். அது சேரும் இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. தண்ணீர் கசிந்து சூட்டில் காய்ந்த அடையாளம். கசிவு சின்னது. ஆனால் குழாய் பழையது. கறுப்பாக இருக்க வேண்டியது காப்பி நிறத்துக்கு வந்திருந்தது. வருடக்கணக்காகச் சூட்டில் வெந்த பிளாஸ்டிக் பார்வைக்கு முழுதாக இருக்கும், தொட்டால் முறுக்கு மாதிரி நொறுங்கும். அதை மாற்றத்தான் வேண்டும். உதிரிபாகக் கடைக்குப் போன் செய்தேன். அவ்வளவு பழைய வேனுக்குக் கைவசம் இல்லை, இரண்டு நாளில் வரும் என்றார்கள்.

அப்போதே “பொறுங்க ஆண்ட்டி, ரெண்டு நாள் தண்ணிய பாத்துப் பாத்து ஊத்தி ஓட்டுங்க” என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் சொல்லவில்லை. செய்து காட்ட வேண்டும் என்று கை பரபரத்தது.

எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து தண்ணீரை வடித்தேன். குழாயோடு ஒட்டிக்கிடந்த ஹோஸை மெல்லத் திருகிக் கழற்றினேன். குழாயின் வாயில் இருந்த உப்பைச் சுரண்டி, ஹோஸின் தளர்ந்த நுனியை அரை அங்குலம் வெட்டிவிட்டு மறுபடியும் சொருகினேன். பழைய ஸ்பிரிங் கிளிப்புகளுக்குப் பதில் திருகு வைத்த புதுக் கிளிப்புகள் போட்டேன். அதுவரை எல்லாம் சரி. திருகு நின்ற பிறகு, பத்திரத்துக்கு இருக்கட்டும் என்று இன்னும் ஒரு சுற்று இறுக்கினேன்.

‘டிக்’ என்று ஒரு சத்தம். நகம் ஒடிவது மாதிரி.

கழற்றிப் பார்த்திருக்க வேண்டும். ஹோஸுக்குள் மறைந்திருக்கும் பகுதிதானே, ரப்பர் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றக் கூடாது என்று ஆண்ட்டிக்கு ஒரு பாடம் நடத்தி, எஞ்சினைக் குளிரவைக்கும் சிவப்பு கூலண்ட் வாங்கி ஊற்றினேன். எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டோம். ஒரு சொட்டு விழவில்லை. சீட்டை இறக்கி மூடினேன்.

மறுநாள் காலையும் மதியமும் வேன் எப்போதும்போல ஓடியது. மாலை வேனுக்குப் பூசை. கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. எங்கள் சந்தான லோரோங்கில் பாதிப் பேர் நின்றார்கள். ஆண்ட்டியின் கணவர் ஐயாசாமி அங்கிள் சிங்கப்பூர் வேலையிலிருந்து சீக்கிரம் வந்திருந்தார். வழக்கமாக ஆண்ட்டிதான் ஆரத்தி எடுப்பார். அன்றைக்குத் தட்டை என் கையில் கொடுத்தார்.

“இந்த வருசம் வண்டிக்கு வைத்தியம் பாத்தது இவதான். இவளே சுத்தட்டும்.”

“அலமாக், செல்வராணி புது மெக்கானிக் வச்சிருக்கு!” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். “பாப்பா, என் மோட்டார் சைக்கிளையும் கொஞ்சம் பாரும்மா.”

“க்யூவுல நில்லுங்க அண்ணே” என்றார் ஆண்ட்டி. எல்லோரும் சிரித்தார்கள். என் அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பல மாதமாகப் பார்த்ததில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்புத் தண்ணீரை மூன்று சுற்றுச் சுற்றி, இடப்பக்க முன்சக்கரத்துக்கு முன்னால் தரையில் ஊற்றினேன். ஆண்ட்டி வேனை முன்னால் நகர்த்தி எலுமிச்சம்பழங்களை நசுக்கிவிட்டு, பின்னால் எடுத்துப் பழைய இடத்திலேயே நிறுத்தினார்.

எனக்கு அன்று சரியாகத் தூக்கம் வரவில்லை. அந்த ‘டிக்’ காதிலேயே இருந்தது. காலையில் ஆண்ட்டியின் வீட்டு கேட் சத்தம் கேட்டதும் எழுந்து வெளியே போனேன். அவர் வழக்கம்போலக் குனிந்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்.

“என்ன லோஷி, மெக்கானிக்கு காலையிலேயே செக்கிங்கா?” என்று சிரித்தார். பிறகு டார்ச்சை ஒரே இடத்தில் நிறுத்தினார். “இங்க பாரு. செவப்பா ஈரமா இருக்கு. இது உன் கூலண்டா, நேத்து ஊத்துன ஆரத்தியா?”

நானும் குனிந்து பார்த்தேன். உள்ளங்கை அளவு ஈரம். ஆரத்தித் தண்ணீரை நான் ஊற்றிய இடம் எனக்குத் தெரியும். அது சக்கரத்துக்கு முன்னால் காய்ந்து, ஓரம் மஞ்சளாகத் திட்டுக் கட்டியிருந்தது. இந்த ஈரம் அதற்கு ஒரு முழம் பின்னால், சரியாக முன்சீட்டுக்குக் கீழே. விரலால் தொட்டேன். வழுக்கியது.

உண்மையைச் சொன்னால் அன்று வேன் போகாது. ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்ய வேண்டும். நேற்று மாலை லோரோங் முழுக்கக் கேட்ட பேச்சை இன்று காலை திருப்பி வாங்க வேண்டும். இதெல்லாம் ஒரு நொடியில் மனதில் ஓடியது. பிள்ளைகள் மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை.

“ஆரத்தித் தண்ணிதான் ஆண்ட்டி” என்றேன்.

“ஆங், அப்ப சரி” என்று அவர் டார்ச்சை அணைத்தார்.

ஆறே முக்காலுக்கு அம்மாவின் போன் அடித்தது, வேன் வழியில் நின்றுவிட்டதாம். நான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். ஸ்கூடாய் நெடுஞ்சாலையின் ஓரத்தில் வேன் நின்றிருந்தது, முன்கதவு வழியாக இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது. தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் புல்லில் பதினொரு பிள்ளைகளும் ஒருவர் கையை ஒருவர் பிடித்து வரிசையாக நின்றார்கள். சிலர் அழுதார்கள். லாரிகள் போகும்போது வேன் ஆடியது. ஆண்ட்டி பிள்ளைகளை எண்ணிக்கொண்டே இருந்தார். எண்ணி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

முன்சீட்டில், எஞ்சினுக்கு நேர் மேலே, ஒன்றாம் ஆண்டு படிக்கும் ஆதம் உட்கார்ந்திருந்தானாம். குழாய் வெடித்துச் சீட்டின் இடுக்குகளில் ஆவி வந்ததும், ஆண்ட்டி வண்டியை ஓரம் கட்டி, இடக்கையைக் குறுக்கே நீட்டி அவனை இழுத்துத் தூக்கியிருக்கிறார். பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆண்ட்டியின் இடக்கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்துவிட்டது.

என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “உன் அம்மா பயந்துட்டாளா?”

ஹேமநாதன் வேனை இழுத்துப் போய்க் குழாயைக் கழற்றினார். இரண்டு துண்டாக வந்தது. “பழைய பிளாஸ்டிக்குதான் அக்கா, வயசாச்சு, போயிருச்சு” என்று சொல்லிப் பித்தளையில் ஒன்று போட்டுக் கொடுத்தார். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை.

பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில்தான் பேச்சு வேறு மாதிரி போனது. ஜெயபாலன் என்பவர், இரண்டு பிள்ளைகளை அனுப்புகிறவர், குரலிலேயே ஒரு செய்தி போட்டார்: “தண்ணி கொறைஞ்சா சூடு ஏறும், முன்னால மீட்டர் ஊசி காட்டும். அத பாக்காம எப்படி ஓட்டுனீங்க? கண்ணு தெரியாத வயசுல புள்ளைங்க உயிரோட விளையாடாதீங்க.” கீழே நான்கைந்து பேர் அதற்குக் கைகூப்பி ஒப்புதல் சொன்னார்கள்.

ஆண்ட்டி பதில் எழுதவில்லை. என் அம்மாவிடம் வந்து சொன்னார். “நான் ஊசிய பாத்தேன் லா. பாத்துக்கிட்டேதான் ஓட்டுனேன். நடுவுலதான் இருந்துச்சு.” மறுநாள் வந்தபோது, “நடுவுலதான் இருந்துச்சா, இல்ல நானா அப்பிடி நெனச்சுக்கிட்டேனான்னு தெரியல” என்றார். சனிக்கிழமை வந்தபோது முடிவோடு வந்தார். அடுத்த தாமானில் வேன் ஓட்டும் ரூபேந்திரனிடம் திங்கள் முதல் பிள்ளைகளை ஒப்படைக்கப் போவதாகச் சொன்னார். கண் பரிசோதனைக்குக் கிளினிக்கில் நாள் வாங்கியிருந்தார். “அம்பத்தேழு வயசாச்சு. கண்ணு போச்சுன்னா ஓட்டக் கூடாது. அவ்வளவுதானே.”

நான் அறையில் இருந்து இதைக் கேட்டேன். உடனே வெளியே வந்து சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில் மோட்டாரை எடுத்துக்கொண்டு ஹேமநாதன் பட்டறைக்குப் போனேன்.

“அண்ணே, தண்ணி மொத்தமா போயிட்டா ஊசி ஏறாதா?”

“அது எப்பிடி ஏறும் தங்கச்சி? ஊசிக்குச் சூட்ட சொல்றதே தண்ணிதான். தண்ணி இல்லன்னா அது பாட்டுக்கு நடுவுலயோ கீழயோ நிக்கும். ஏன்?”

எனக்கு மூச்சு வந்தது. என் பங்கைச் சொல்லாமலேயே ஆண்ட்டியைக் காப்பாற்ற ஒரு வழி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். இப்போது எழுதும்போது அந்த நிம்மதிதான் எல்லாவற்றையும்விட வெட்கமாக இருக்கிறது.

நேராக ஆண்ட்டியிடம் போய்ச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்திருந்தார்.

“சரி லோஷி. ஊசி பொய் சொல்லிருச்சு. ஆனா காலையில டார்ச் அடிச்சுப் பாத்தேனே? வெடிக்கிற குழாய் ராத்திரியே கசிஞ்சிருக்கும்ல? கீழ ஒரு சொட்டுகூட என் கண்ணுல படலையே. அந்த ஆரத்தித் தண்ணி ஒண்ணுதான் பட்டுச்சு. அப்ப கண்ணுதானே?”

எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆண்ட்டி வேனின் பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு சீட்டின் முதுகிலும் பிள்ளையின் பெயரை எழுதி ஒட்டியிருப்பார். அந்தத் தாள்களை ஒரு கையால் நகம் வைத்துச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தார். மூன்று பெயர் போயிருந்தது.

“ஆண்ட்டி, அது ஆரத்தித் தண்ணி இல்ல.”

அவர் நிமிரவில்லை. “எது?”

“வியாழக்கிழம காலையில கீழ இருந்தது. அது கூலண்ட். தொட்டுப் பாத்தேன்ல, அப்பவே தெரியும். செவ்வாக்கிழம கிளிப்ப இறுக்கும்போது குழாய் விரிசல் விட்டுச்சு. சத்தம் கேட்டுச்சு. சொல்லல.”

சுரண்டுவதை நிறுத்தினார்.

“செவப்பா இருக்கேன்னு உன்கிட்ட கேட்டேன்.”

“கேட்டீங்க.”

“என் கண்ணு சரியாத்தான் பாத்துச்சு. சரியான இடத்துலதான் டார்ச்ச நிறுத்துனேன்.”

“ஆமா ஆண்ட்டி.”

“நாலு நாளா குளிக்கிற ரூமுல கதவ சாத்திக்கிட்டு, கைய தூர வச்சு விரல எண்ணிக்கிட்டு இருக்கேன்டி. உங்க அங்கிளுக்குத் தெரியாம. பைத்தியக்காரி மாதிரி.”

எனக்கு அழுகை வந்துவிட்டது.

“அழாத” என்றார். குரல் உயரவில்லை. “நீ அழுதா நான் சமாதானம் சொல்லணும். இப்ப என்னால அது முடியாது.”

சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “குரூப்புல எல்லாத்தையும் எழுதிப் போட்டுடறேன் ஆண்ட்டி” என்றேன்.

“எழுதாத. எழுதறது சுலபம். நாளைக்கு அஞ்சே காலுக்கு வா. ஒவ்வொரு வீட்டு கேட்டுலயும் எறங்கி, உன் வாயால சொல்லு. நான் வண்டியில இருப்பேன்.”

திங்கட்கிழமை ஐயாசாமி அங்கிள் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு உடன் வந்தார். கியர் மாற்றும்போது ஆண்ட்டிக்குக் கை வலிக்கும் என்று அவர் ஓட்டுவதாகச் சொன்னார். ஆண்ட்டி சாவியைத் தரவில்லை. இடக்கையால்தான் கியர் மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொள்வதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே போனேன்.

முதல் வீடு ஜெயபாலன் அங்கிளுடையது. கையில் காப்பிக் கோப்பையோடு கேட்டுக்கொண்டிருந்தவர் பாதியிலேயே குறுக்கிட்டார்.

“இப்ப வந்து சொல்றியா? நான் ரூபேந்திரனுக்கு வாக்கு குடுத்துட்டேன்.”

“சரி அங்கிள். ஆனா ஆண்ட்டிக்குக் கண்ணு நல்லா இருக்கு. தப்பு என்னோடது.”

அவர் வேனைப் பார்த்தார். ஆண்ட்டி நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிள் உள்ளே போய்விட்டார்.

நான்காவது வீடு ஆதமுடையது. அவன் அம்மா சம்சாத் பேகம் பையனுக்குத் தலை சீவிக்கொண்டே கேட்டார். சீப்பு பாதியில் நின்றது.

“என் புள்ள அந்தச் சீட்டுலதான் உக்காருவான்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுதான் அனுப்புனியா?”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் பதிலுக்காகக் காத்திருந்தார். பதில் வராது என்று தெரிந்ததும், என்னைத் தாண்டிப் போய் வேனின் ஜன்னலில் ஆண்ட்டியின் கட்டுப் போட்ட கையைத் தொட்டுப் பார்த்தார். “இந்தக் கையோடயா ஓட்டுறீங்க அக்கா?” என்று கேட்டார். “ரூபேந்திரன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்.” ஆதமைத் தூக்கிப் பின்சீட்டில் உட்கார வைத்தார். பெயர் சுரண்டப்பட்ட சீட்டு. அவன் “இது யாரோட எடம்?” என்று கேட்டான். “இன்னிக்கு ஒன்னோடது” என்றார் ஆண்ட்டி.

பதினொரு பிள்ளைகளில் ஏழு பேர் ஏறினார்கள். பள்ளி வாசலில் எல்லோரையும் இறக்கிவிட்ட பிறகு நான் உள்ளேயே இருந்தேன்.

“மதியமும் வரவா ஆண்ட்டி?”

“மதியம் புள்ளைங்க மட்டுந்தான்” என்றார். “நீ பஸ்ஸு புடிச்சுப் போ.”

மூன்று வாரமாகிறது. அவர் வேன் ஓட்டுகிறார். கிளினிக்குக்கும் போய் வந்தார். படிக்கும்போது மட்டும் கண்ணாடி போட்டால் போதும், தூரப்பார்வை நன்றாக இருக்கிறது என்றார்களாம். இதை அம்மாவிடம்தான் சொன்னார். என்னிடம் வேனைப் பற்றி எதுவும் பேசுவதில்லை. பார்த்தால் “சாப்டியா?” என்பார், “சாப்டேன்” என்பேன்.

ஜெயபாலன் அங்கிளின் இரண்டு பிள்ளைகளும் இன்னொரு வீட்டின் இரண்டு பிள்ளைகளும் திரும்பி வரவில்லை. அந்தக் குரல் செய்தியும் குழுவில் அப்படியே இருக்கிறது. நேற்று சாயங்காலம் யாரும் சொல்லாமல் நானாகவே நடந்து போய் அவர் வீட்டு மணியை அடித்தேன். கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

“மறுபடியும் நீயா?”

“ஆமா அங்கிள்” என்றேன். “அன்னிக்கு நீங்க முழுசா கேக்கல.”

அவர் கேட்டைத் திறக்கவில்லை. ஆனால் உள்ளேயும் போகவில்லை. நான் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை மதியத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.